ஸ்டடி பைபிள் வாங்கும்போது அட்டையை விடுங்கள், முதுகைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய ஸ்டடி பைபிளின் முதுகு பிரிந்துவிட்டது. சங்கீதம் ஒரு கட்டாகவும் நீதிமொழிகள் ஒரு கட்டாகவும் கையோடு வருகின்றன. தினமும் படிக்கவும் குறிப்பு எழுதவும் பல வருடம் உழைக்கிற ஒன்று வேண்டும். ஒத்தவாக்கியம் (தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும் குறிப்பு), கன்கார்டன்ஸ் (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு), வரைபடம் நன்றாக இருக்க வேண்டும். தமிழில் வாங்குவதா, ஆங்கிலத்திலா? லெதர் அட்டை என்றால் நீடிக்குமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பைபிள் பிரிவதற்கும் அட்டை லெதரா இல்லையா என்பதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. ஆட்டுத்தோல் அட்டைக்குள் பசை போட்டு ஒட்டிய தாள்கள் இருந்தால் அதுவும் உதிரும். சாதாரண காலிகோ அட்டைக்குள் நூல் போட்டுத் தைத்த தாள்கள் இருந்தால் அட்டை நைந்து போன பிறகும் உள்ளே ஒரு தாள்கூட அசையாது. கடைக்காரர் அட்டையைத்தான் தடவிக் காட்டுவார். நீங்கள் புத்தகத்தைத் திருப்பி முதுகைப் பாருங்கள்.

பைபிள் தாள் சாதாரணமாக 28 முதல் 40 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வரை இருக்கும். ஜெராக்ஸ் தாள் 70 அல்லது 75 என்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவு மெல்லியது என்று புரியும். ஒரு தாளின் கனம் ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர்தான். பெர்ஃபெக்ட் பைண்டிங் என்ற முறையில் பாரங்களின் (அச்சிட்டு மடித்த தாள்கட்டுகளின்) மடிப்பை முதுகுப் பக்கம் வெட்டித் தள்ளிவிட்டு, சூடான பசையை அந்த வெட்டு விளிம்பில் தடவி அட்டையை ஒட்டுகிறார்கள். (பெயரில்தான் பெர்ஃபெக்ட்.) ஒவ்வொரு தாளும் அந்த 0.04 மில்லிமீட்டர் விளிம்பை மட்டும் நம்பி நிற்கிறது. நாவலுக்கு இது போதும், ஒரு தடவை படித்து அலமாரியில் வைத்துவிடுவோம். பைபிளை ஒரே இடத்தில் நூறு தடவை திறக்கிறோம். மலிவான பசை வெயிலில் இளகும், வருடங்கள் போகப் போக இறுகி நொறுங்கும். அதிகம் திறக்கும் இடத்தில்தான் முதல் விரிசல் விழும். உங்களுடையது சங்கீதத்தில் பிரிந்தது தற்செயல் இல்லை. புத்தகத்தின் நடுப்பகுதி அது, அதிகம் புரட்டப்படும் பகுதியும் அதுவே.

தையல் பைண்டிங்கில் 16 தாள் அல்லது 24 தாள் கொண்ட பாரங்களாக மடித்து, ஒவ்வொரு பாரத்தின் மடிப்புக்குள்ளும் நூலை ஓட்டி, அடுத்த பாரத்தோடு கோத்துத் தைக்கிறார்கள். இதை இயந்திரத்தில் செய்யும் முறைக்கு, 19ஆம் நூற்றாண்டில் அந்த இயந்திரத்தை உருவாக்கிய டேவிட் மெக்கானல் ஸ்மித் பெயரால் 'ஸ்மித் ஸோன்' என்று பெயர். 16 தாள் என்றால் 32 பக்கம். 1,600 பக்க பைபிளில் 50 பாரங்கள் இருக்கும். பசை இங்கேயும் உண்டு, ஆனால் அது துணைக்குத்தான். பசை போனாலும் நூல் பிடித்துக்கொள்ளும்.

கடையில் இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பெட்டியிலிருந்து எடுத்து, மேல் விளிம்பில் முதுகை ஒட்டிய இடத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன வளைவுகளாக, கட்டுக் கட்டாகத் தெரிந்தால் பாரங்கள் முழுசாக இருக்கின்றன. ஒரே சீராகத் தட்டையாகத் தெரிந்தால் வெட்டி ஒட்டியது. ஆனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள். மடிப்பை வெட்டாமல் அதில் வரிசையாகக் கீறல் போட்டு உள்ளே பசையைச் செலுத்தும் நாட்ச் பைண்டிங் என்று ஒன்று இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் அசல் தையல் போலவே தெரியும், உள்ளே நூல் இருக்காது. அதனால் நூலைக் கண்ணால் பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். அதிகம் போனால் முப்பது தாளுக்குள் ஒரு பாரத்தின் நடு வந்துவிடும். அங்கே மடிப்பின் குழியில் நீளவாக்கில் வெள்ளை நூல் தெரியும். தெரியவில்லையா, அடுத்த முப்பது தாளைப் புரட்டுங்கள். அங்கேயும் இல்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். முதுகின் மேலும் கீழும் தெரியும் வண்ணத் துணிப் பட்டையை (ஹெட் பேண்ட்) பார்த்து ஏமாற வேண்டாம். இப்போது அது பெரும்பாலும் ஒட்டி வைக்கும் அலங்காரம்.

இணையத்தில் வாங்கினால் விவரக்குறிப்பில் 'ஸ்மித் ஸோன்' அல்லது 'ஸோன் பைண்டிங்' என்று எழுதியிருக்க வேண்டும். 'டியூரபிள் பைண்டிங்', 'பிரீமியம் பைண்டிங்' என்று மட்டும் இருந்தால் விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். தைத்த பதிப்பை வெளியிடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் விடுவது அபூர்வம்.

தையலுக்கு அடுத்து பலவீனமான இடம் அட்டையும் தாள்கட்டும் சேரும் மூட்டு. சாதாரண கெட்டி அட்டை பைபிளில் முழுத் தாள்கட்டையும் அட்டையோடு பிடித்திருப்பது முதலிலும் கடைசியிலும் உள்ள எண்ட் பேப்பரும் அதன் அடியில் ஒட்டிய வலைத்துணியும்தான். ஸ்டடி பைபிள் கனமானது. 2008இல் வந்த ஈ.எஸ்.வி. (ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு) ஸ்டடி பைபிள் 2,752 பக்கம். கெட்டி அட்டையில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அவ்வளவு கனத்தையும் முன் அட்டையை மட்டும் பிடித்துத் தூக்கினால் மூட்டு எத்தனை நாள் தாங்கும்? முன் அட்டையைத் திறந்து எண்ட் பேப்பரின் மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே அங்கே இடைவெளியோ சுருக்கமோ இருந்தால் வேறு பிரதி கேளுங்கள். சில நல்ல பதிப்புகளில் முதல் பாரத்தையும் கடைசிப் பாரத்தையும் எண்ட் பேப்பரோடு சேர்த்து ஓரமாகக் கூடுதல் தையல் போட்டிருப்பார்கள். அதனால் ஆதியாகமத்தின் முதல் சில பக்கங்கள் படியாமல் நிமிர்ந்தே நிற்கும். அதைக் குறை என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றே போட்ட பலம் அது. விலை கூடிய லெதர் பதிப்புகளில் 'எட்ஜ் லைன்ட்' என்ற முறை உண்டு: அட்டைக்குள் கெட்டி போர்டு இல்லாமல், உட்புற லைனிங்கே நாக்கு போல நீண்டு தாள்கட்டோடு சேரும். அவை முதல் நாளிலேயே மேஜையில் தட்டையாக விரியும்.

தாளைச் சோதிக்க பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பின்பக்க வரிகளும் முன்பக்க வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தால் வரி பொருத்தி அச்சிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி இருந்தால் பின்பக்க எழுத்து ஊடாகத் தெரிவது கண்ணை உறுத்தாது. பொருத்தாமல் விட்டால் வரிகளுக்கு இடையிலுள்ள வெள்ளையெல்லாம் சாம்பல் நிறமாகி, ஒரு மணி நேரம் படிப்பதற்குள் கண் சோர்ந்துவிடும். இந்தச் சோதனையைச் சங்கீதம் போன்ற செய்யுள் பகுதியில் செய்யுங்கள். பாதி வரி காலியாக இருப்பதால் நிழல் எழுத்து அங்கேதான் நன்றாகத் தெரியும்.

தமிழ்ப் பதிப்பில் எழுத்தின் அளவைவிட எழுத்தின் தெளிவு முக்கியம். புள்ளிதான் முதலில் காணாமல் போகும். சின்ன எழுத்தில் மை கொஞ்சம் பரவினாலும் 'க'வுக்கும் 'க்'குக்கும் வித்தியாசம் தெரியாது. பழக்கமான வசனத்தில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். 1 நாளாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து அந்தப் பெயர்ப் பட்டியலைத் தடுக்காமல் வாசிக்க முடிகிறதா பாருங்கள். பிறகு அதே பக்கத்தின் ஒத்தவாக்கியப் பத்தியை வாசியுங்கள். அது வசன எழுத்தைவிட இரண்டு பாயிண்ட் அளவாவது சிறியதாக இருக்கும். அதை வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருந்தால் அந்த உதவியை நீங்கள் பயன்படுத்தப் போவதில்லை. இயேசுவின் வார்த்தைகள் சிவப்பு எழுத்தில் இருந்தால் மலைப்பிரசங்கத்தைத் திறந்து பாருங்கள். 1899இல் லூயிஸ் க்ளாப்ஷ் தொடங்கிவைத்த இந்த வழக்கம் அழகானதுதான். ஆனால் மட்டமான அச்சில் சிவப்பு ஒரு பக்கத்தில் ரத்தமாகவும் அடுத்த பக்கத்தில் ரோஜாவாகவும் வரும். மஞ்சள் விளக்கில் அந்த ரோஜாவைப் படிக்க முடியாது.

அட்டைக்கு வருவோம். 'பாண்டட் லெதர்' என்பது தோல் தூளைப் பசையோடு கலந்து தாளாக்கி, மேலே பாலியூரித்தேன் பூசியது. நிஜத் தோலின் பங்கு பல சமயம் மிகச் சொற்பம். மடங்கும் இடத்தில் சில வருடங்களில் வெடித்துவிடும். பி.யு. எனப்படும் செயற்கைத் தோல் தொடுவதற்கு அதைவிட மென்மையானது, நன்றாக மடங்கவும் செய்யும். ஆனால் காற்றின் ஈரம் அதன் எதிரி. சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் அலமாரியில் பூட்டி வைத்தால்கூட பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிரும் வகை உண்டு. 'ஜெனுவின் லெதர்' என்று மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலும் பன்றித்தோல். தோல் எது என்பது உங்கள் வீட்டில் முக்கியம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். கன்றுத்தோலும் ஆட்டுத்தோலும்தான் பல பத்தாண்டு தாங்குபவை, விலையும் அப்படித்தான். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், துணியால் துடைத்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும். பட்ஜெட் குறைவு என்றால் என் தேர்வு தைத்த தாள்கட்டு, கெட்டி அட்டை, மேலே ஒரு தையல்கடைத் துணி உறை. பாண்டட் லெதருக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

நம் ஊரில் ஜிப் வைத்த பைபிளுக்குத் தனி மவுசு. மழையில் நனையாது, உள்ளே வைத்த காகிதம் விழாது என்பது சரி. ஆனால் அட்டையோடு சேர்த்துத் தைத்த ஜிப் திறக்கும்போதும் மூடும்போதும் நான்கு மூலையையும் இழுக்கிறது. பற்கள் பொன்விளிம்பைச் சுரண்டுகின்றன. ஓட்டி பழுதானால் முழு அட்டையும் பழுது. ஜிப் வேண்டுமென்றால் தனி உறையாக வாங்கிக்கொள்ளுங்கள். தம்ப் இண்டெக்ஸ் (ஓரத்தில் அரைவட்டமாக வெட்டி ஆகமத்தின் பெயர் ஒட்டியது) புதிதாக வாசிப்பவர்களுக்கு உதவும். அந்த வெட்டு இருக்கும் இடத்தில் தாள் கிழிய வாய்ப்பு அதிகம், ஓரத்தில் குறிப்பு எழுதும் இடமும் குறையும். ஆகமங்களின் வரிசை மனப்பாடம் என்றால் தேவையில்லை.

இனி உதவிகள். இங்கேதான் பலரும் பட்டியலைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள்: "80,000 ஒத்தவாக்கியங்கள், 200 வரைபடங்கள்". எண்ணிக்கையைவிட, அந்த உதவிகள் உங்கள் கையில் இருக்கும் மொழிபெயர்ப்புக்குச் செய்யப்பட்டவையா என்பதுதான் முதல் கேள்வி.

தமிழ்த் திருச்சபைகளில் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகள் வாசிப்பது ஹென்றி பவர் குழுவின் 1871ஆம் வருட மொழிபெயர்ப்பின் வழிவந்த ஓ.வி. (ஓல்ட் வெர்ஷன், பழைய மொழிபெயர்ப்பு) பாடம். கத்தோலிக்கர்கள் வாசிப்பது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், 73 நூல்கள். இரண்டிலும் நூல்களின் பெயர்களே வேறு. ஓ.வி.யில் ஆதியாகமம், திருவிவிலியத்தில் தொடக்க நூல். அங்கே சங்கீதம், இங்கே திருப்பாடல்கள். அங்கே வெளிப்படுத்தின விசேஷம், இங்கே திருவெளிப்பாடு. சொற்களும் வேறு: கிருபை அங்கே, அருள் இங்கே, விசுவாசம் அங்கே, நம்பிக்கை இங்கே. ஒன்றுக்குச் செய்த கன்கார்டன்ஸ் மற்றதற்குச் செல்லாது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஓ.வி.யில் மனப்பாடம் செய்தவர் திருவிவிலியச் சொல்லடைவில் 'மேய்ப்பர்' தேடினால் 23ஆம் சங்கீதம் கிடைக்காது, அங்கே அது 'ஆயர்'. எனவே உங்கள் சபையில் எந்தப் பாடம் வாசிக்கப்படுகிறதோ, உங்கள் மனதில் எந்தப் பாடம் ஓடுகிறதோ, அதற்குச் செய்த உதவிகளையே வாங்குங்கள்.

தமிழ்க் கன்கார்டன்ஸுக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. தமிழில் சொல் ஒட்டி ஒட்டி நீளும். 'அன்பு' என்ற தலைப்பின் கீழ் அன்பு, அன்பில், அன்பினால் என்பவற்றை மட்டும் அடுக்கிவிட்டு, 'அன்புகூர்' என்ற வினையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? யோவான் 3:16 காணாமல் போகும். அங்கே இருப்பது "இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்". கடையில் நின்றே 'அன்பு' பக்கத்தைத் திறந்து இந்த வசனம் இருக்கிறதா, அல்லது 'அன்புகூர்' என்ற தலைப்புக்கு வழிகாட்டியிருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் அந்தக் கன்கார்டன்ஸ் அவசரத்தில் தொகுத்தது.

ஒத்தவாக்கியங்களை நான்கைந்து வசனத்தில் சோதித்தால் தரம் தெரிந்துவிடும். லூக்கா 4:18க்கு ஏசாயா 61:1 கொடுக்காத பதிப்பு எதுவும் இருக்காது. ஆனால் நொறுங்குண்டவர்களை விடுதலையாக்கும் அந்தச் சொற்றொடர் ஏசாயா 58:6இலிருந்து வருவது. அதையும் கொடுத்திருந்தால் ஆசிரியர் கவனமாக வேலை செய்திருக்கிறார். எபிரெயர் 1:5க்கு சங்கீதம் 2:7, 2 சாமுவேல் 7:14 இரண்டும் வேண்டும். மத்தேயு 2:15க்கு ஓசியா 11:1. இவற்றில் ஏதாவது ஒன்று தவறான அதிகாரத்துக்குப் போனால் அது அச்சுப்பிழை. ஐந்து வசனத்திலேயே ஒரு பிழை என்றால் முழுப் பதிப்பிலும் எத்தனை இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஒத்தவாக்கியம் நடுப்பத்தியில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா, வசனத்தின் முடிவிலா என்பது பழக்கம் சார்ந்தது. வசனத்தின் முடிவிலேயே கொடுத்திருந்தால் தேடுவது எளிது, சத்தமாக வாசிக்கும்போது மட்டும் தடுக்கும்.

சங்கிலி ஒத்தவாக்கியம் இதிலிருந்து வேறானது. 1908இல் வந்த தாம்சன் செயின் ரெஃபரன்ஸ் பைபிளில் ஓரத்தில் ஒரு தலைப்பும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் பின்பகுதியில் தேடினால் அந்தத் தலைப்பு வரும் வசனங்கள் வரிசையாகக் கிடைக்கும். 4,000க்கு மேற்பட்ட தலைப்புகள். பக்கத்தின் அடியில் விளக்கவுரை கிடையாது. பிரசங்கம் தயாரிப்பவர்களுக்கும் வேதபாட வகுப்பு எடுப்பவர்களுக்கும் இதற்கு இணையான கருவி குறைவு. வசனத்தின் பொருள் என்ன என்று உடனே தெரிய வேண்டியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

விளக்கக் குறிப்புகள்தான் மிகவும் கவனிக்க வேண்டியவை. வசனம் மேலே, குறிப்பு கீழே, ஒரே அட்டைக்குள் என்றால் இரண்டு வருடத்தில் எது வேதம், எது ஆசிரியரின் கருத்து என்பது மங்கிவிடும். 1909இல் ஸ்கோஃபீல்ட் வெளியிட்ட ரெஃபரன்ஸ் பைபிள் ஆதியாகமத்தின் முதல் இரண்டு வசனங்களுக்கு நடுவே நீண்ட கால இடைவெளி ஒன்றைக் குறிப்பாக வைத்தது. அதைப் படித்து வளர்ந்த பலர் அந்த இடைவெளி வசனத்திலேயே இருப்பதாகப் பேசியதுண்டு. இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1560இன் ஜெனீவா பைபிளின் ஓரக்குறிப்புகளைக் கண்டு கடுப்பான ஜேம்ஸ் அரசர்தான் ஓர விளக்கவுரை இல்லாத மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். 1611இல் அது வந்தது.

குறிப்பு நேர்மையானதா என்று பார்க்க மூன்று இடங்களைத் திறங்கள். மாற்கு 16:9-20: பழமையான சில கையெழுத்துப் பிரதிகளில் இந்தப் பகுதி இல்லை என்பதைச் சொல்கிறதா? 1 யோவான் 5:7: ஓ.வி.யில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று வரும் வரி மிகப் பிந்திய கிரேக்கப் பிரதிகளில்தான் இருக்கிறது என்பதைச் சொல்கிறதா? மத்தேயு 27:9: எரேமியா சொன்னது என்று வசனம் சொல்ல, ஒத்த வாக்கியம் சகரியா 11:12-13இல் இருக்கிறது. இந்த முடிச்சைக் குறிப்பு எடுத்துப் பேசுகிறதா, இல்லை ஒன்றும் நடக்காதது போலத் தாண்டிப் போகிறதா? கடினமான இடத்தில் மௌனமாகி, எளிய இடத்தில் பத்து வரி எழுதும் ஸ்டடி பைபிள் காசுக்குப் பெறுமானம் இல்லை. ஆசிரியரின் இறையியல் சாய்வு தெரிய ரோமர் 9, தானியேல் 9:24-27, 1 கொரிந்தியர் 14 ஆகிய மூன்று இடத்தின் குறிப்புகள் போதும். சாய்வு இருப்பது குற்றமல்ல. அது எது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

தமிழ் ஸ்டடி பைபிளில் கூடுதலாக ஒன்று. ஆங்கிலத்தில் வேறொரு மொழிபெயர்ப்பை வைத்து எழுதிய குறிப்பைத் தமிழாக்கி ஓ.வி. பாடத்தின் கீழே வைக்கும்போது, குறிப்பு விளக்கும் சொல் மேலே வசனத்தில் இருக்காது. குறிப்பின் தொடக்கத்தில் தடித்த எழுத்தில் எடுத்துக்காட்டியிருக்கும் சொற்களை வசனத்தோடு பத்து இடத்தில் ஒப்பிடுங்கள். ஏழெட்டு பொருந்தினால் பதிப்பாசிரியர் பாடுபட்டிருக்கிறார்.

அளவை அட்டவணையும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். ஓ.வி. யாத்திராகமம் 16:36இல் 'எப்பா' என்று எழுதும் அதே அளவை எசேக்கியேல் 45:11இல் 'மரக்கால்' என்கிறது; பத்து மரக்கால் அங்கே ஒரு கலம். நம் ஊர்க் கணக்கில் கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். எப்பாவுக்கு எத்தனை லிட்டர் (பல அட்டவணைகளில் சுமார் 22) என்று எழுதிவிட்டு, 'மரக்கால்' என்பதும் அதுவே, தஞ்சாவூர் மரக்கால் அல்ல என்று சொல்லாத அட்டவணை வேறு மொழியிலிருந்து அப்படியே பெயர்த்து ஒட்டியது.

வரைபடத்துக்கு ஒரே சோதனை. அப்போஸ்தலர் 13:1இன் அந்தியோகியா அன்றைய சீரியாவில் இருந்தது. 13:14இன் அந்தியோகியா பிசீதியாவில். இரண்டும் வரைபடத்தில் தனித்தனியாக இருக்கின்றனவா, ஊர்ப்பெயர் அகரவரிசை இருக்கிறதா, தூர அளவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள். அகரவரிசை இல்லாத வரைபடம் அலங்காரப் படம்.

தமிழா ஆங்கிலமா? தமிழில் யோசித்துத் தமிழில் ஜெபிக்கிறவர் தமிழில் வாங்கட்டும். மூலச்சொல் வரை போக வேண்டுமென்றால் ஸ்ட்ராங் எண்கள் உள்ள கிங் ஜேம்ஸ் பதிப்பு ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் எபிரெயச் சொற்களுக்கு 8674 வரையும் கிரேக்கச் சொற்களுக்கு 5624 வரையும் எண் கொடுத்தார். ஆனால் ஆங்கிலம்தான் எப்போதும் ஆழம் என்று நினைத்துவிடாதீர்கள். யோவான் 21:15-17இல் கிரேக்கத்தில் இருக்கும் இரண்டு வேறு சொற்களைக் கிங் ஜேம்ஸ் ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிட்டது. ஓ.வி.யில் "அன்பாயிருக்கிறாயா" என்ற கேள்வியும் "நேசிக்கிறேன்" என்ற பதிலும் வேறு வேறாகவே நிற்கின்றன.

இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டும் ஸ்டடி பைபிளை வாரா வாரம் ஆராதனைக்குத் தூக்கிப் போகாதீர்கள். எப்படித் தைத்திருந்தாலும் மூட்டு அந்தக் கனத்துக்கு நாளடைவில் தோற்றுவிடும். கனமானது வீட்டு மேஜைக்கு, மெல்லியதாக ஒத்தவாக்கியம் மட்டும் உள்ள ஒன்று பைக்கு என்று இரண்டாக வைத்துக்கொள்வது, எல்லாம் அடங்கிய ஒன்றை விலை கொடுத்து வாங்குவதைவிடச் சிக்கனம்.

வாங்கி வந்ததும் முதல் வாரத்திலேயே பக்க எண்களை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு பாரம் விடுபடுவது, இரண்டு தடவை வருவது, தலைகீழாகத் தைப்பது மூன்றும் நடக்கும், திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டிய பிறகு தெரிந்து பயனில்லை. பொன்விளிம்பு ஒட்டியிருந்தால் இழுக்காமல், ஐந்தாறு தாளாக வளைத்துப் பிரியுங்கள். பிறகு முதுகை மேஜையில் நிறுத்தி, இரண்டு அட்டையையும் கீழே படியவைத்து, முன்னாலிருந்து இருபது தாள், பின்னாலிருந்து இருபது தாள் என்று மாறி மாறிப் படியவைத்து, மடிப்பை விரலால் மெதுவாக நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் நடுவில் திறந்து அழுத்தினால் முதுகுப் பசை அங்கேயே வெடிக்கும். கோடு போட மரப் பென்சிலோ கலர் பென்சிலோ போதும். எழுதுவதற்கு 0.2 மில்லிமீட்டர் பிக்மென்ட் மைப் பேனா. ஜெல் பேனாவும் திரவ ஹைலைட்டரும் மறுபக்கம் ஊறும், முதலில் கடைசி வெற்றுத்தாளில் சோதித்துக்கொள்ளுங்கள். சபை அறிக்கை, கன்வென்ஷன் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் உள்ளே செருகி வைப்பது முதுகை ஆப்பு வைத்துப் பிளப்பதற்குச் சமம். கார் டாஷ்போர்டில் வெயிலில் விடாதீர்கள்.

இப்போது கையில் பிரிந்திருக்கும் பழையதை எறிய வேண்டாம். பாரம் பாரமாகப் பிரிந்து, மடிப்புக்குள் நூல் தெரிந்தால் நல்ல பைண்டர் மறுபடி தைத்துத் தர முடியும். ஒற்றைத் தாளாக உதிர்ந்தால் அது ஒட்டு பைண்டிங். மறுபடி ஒட்டலாம், ஆனால் உள் ஓரம் சில மில்லிமீட்டர் குறையும். கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லுங்கள்: ஓரத்தில் துளை போட்டுத் தைக்கக் கூடாது, கட்டிங் மெஷினில் விளிம்பை வெட்டக் கூடாது. பள்ளி நோட்டுக்கும் அலுவலக லெட்ஜருக்கும் செய்வது போல ஓரத் தையல் போட்டுவிட்டால் உள்பத்தியின் பாதி எழுத்து மடிப்புக்குள் போய்விடும், புத்தகம் பிறகு ஒருபோதும் விரியாது. விளிம்பை வெட்டினால் நீங்கள் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் போகும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறாரா என்று கேளுங்கள், கலக்காவிட்டால் பூச்சி வரும். அல்லது முதுகுக்கு வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, மேலே காடாத்துணி போட்டு ஒட்டச் சொல்லுங்கள். அட்டைக்கு ரெக்ஸினோ காலிகோவோ எதுவாக இருந்தாலும் சரி.